நாலரை மணிக்கு, ஏழாயிரத்து எண்பதில்

தீவு வானிலை நிலையம்
பிப்ரவரி 8

அன்புள்ள மனைவிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லேபில் பல் செட் அரைக்கும்போது முகத்துக்குத் துணி கட்டிக்கொள்கிறீர்களா?

இதுவரை என் கடிதங்கள் நாலு வரிக்கு மேல் போனதில்லை. இது நீளும், பொறுத்துக்கொள்ளவும். ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் பழைய ஹாம் ரேடியோ செட் போன படகில் வந்து சேர்ந்தது. காற்றுமானி நிற்கும் கம்பத்திலிருந்து கிடங்குக் கூரைவரை இருபது மீட்டர் கம்பி இழுத்து ஏரியல் கட்டியிருக்கிறேன். தினமும் கூப்பிடுகிறேன். சில நாள் பதில் வருகிறது, பல நாள் வருவதில்லை. என் குரல் கரை சேர்கிறதா, பாதிக் கடலிலேயே விழுந்துவிடுகிறதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. இங்கே டவரும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. சாட்டிலைட் போன் அவசரத்துக்கு மட்டும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. பல ஊர்களில் ஹாம் ஆட்கள் தங்கள் ரிசீவரை இன்டர்நெட்டில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே அந்த ஊரில் என்ன கேட்கிறது என்று கேட்கலாம். முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். திறந்தால் ஒரு வரைபடம் வரும். ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டால் அது ஒரு ரிசீவர். பெட்டியில் 7080 என்று அடித்து, எல்.எஸ்.பி. என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அதை மறந்தால் எல்லாரும் வாத்து மாதிரிப் பேசுவார்கள்.

சனிக்கிழமை மாலை நாலரைக்குப் பேசுவேன். எந்த ஊர் ரிசீவரில் கேட்கிறது, எவ்வளவு தெளிவு என்று குறித்து அனுப்பினால் போதும். தெளிவுக்கு ஐந்துக்கு மார்க், பலத்துக்கு ஒன்பதுக்கு மார்க்.

நேரமில்லாவிட்டால் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் கணவன்

*

பிப்ரவரி 25

அன்புள்ள கணவருக்கு,

இருமல் இருக்கிறது, ஆனால் நானும் அதுவும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டோம். துணி கட்டிக்கொள்கிறேன். கடல் காற்றில் உங்கள் முட்டி வலி எப்படி?

முதல் சனிக்கிழமை வாத்துகள்தான். நீங்கள் அவ்வளவு தெளிவாக எழுதியும் பொத்தானை மறந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்த்தேன். துறைமுகத்து ரிசீவரில் ஒரே இரைச்சல். ஒரு டாக்டர் வீட்டு மாடியில் இருக்கும் ரிசீவரில் யாரோ இருவர் பேட்டரி பற்றிச் சண்டை போட்டார்கள். மலை மேல் ஒரு பள்ளிக்கூடத்து ரிசீவரில் நீங்கள் கிடைத்தீர்கள். திரையில் நிறம் நிறமாக அருவி மாதிரி ஏதோ வழிகிறது. அதில் நீங்கள் பேசும்போது மட்டும் ஒரு மஞ்சள் பட்டை விழுகிறது. தெளிவு ஐந்து, பலம் ஏழு. எங்கள் முதலாளியைவிடத் தாராளமாக மார்க் போட்டிருக்கிறேன்.

ஒரு நிமிடம் அது நீங்கள்தானா என்று சந்தேகம் வந்தது. அவ்வளவு பேசினீர்கள்.

உங்களோடு பேசினாரே, பேசி முடிக்கும்போதெல்லாம் “ரைட்” என்கிறவர், அவர் யார்?

லேபில் என் மேஜை மேல் இப்போது பதினாலு வாய்கள் திறந்து கிடக்கின்றன. எல்லாம் பிளாஸ்டர். ஒன்றும் பேசுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி

*

மார்ச் 21

அன்புள்ள மனைவிக்கு,

முட்டி வலி பரவாயில்லை. உங்கள் ஐந்து-ஏழு கிடைத்தது. நிலையத்துச் சமையல்காரரிடம் காட்டினேன். “பாஸா ஃபெயிலா?” என்று கேட்டார். மலைப் பள்ளிக்கூடம் இங்கிருந்து நானூற்றுப் பத்து கிலோமீட்டர். நூறு வாட்டுக்கு இது நல்ல மார்க். கம்பியை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தியிருக்கிறேன். துறைமுகத்தில் இப்போது கேட்கிறதா என்று பாருங்கள்.

“ரைட்” சொல்கிறவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பத்து வருஷமாகக் காற்றில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. எல்லாரும் கண்டக்டர் அண்ணன் என்றே கூப்பிடுவோம்.

அவ்வளவு பேசினீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மைக் பழக்கம், வேறொன்றுமில்லை.

காற்று தென்மேற்கு, பதினெட்டு. வெயில் கடுமை. நீங்கள் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணவன்

*

ஏப்ரல் 14

அன்புள்ள கணவருக்கு,

நான் சௌக்கியம். தண்ணீர் குடிக்கிறேன்.

துறைமுகத்தில் இப்போது நாலு-ஐந்து. டாக்டர் வீட்டில் ஐந்து-எட்டு. மலைப் பள்ளிக்கூடத்தில் போன சனிக்கிழமை இடி. இங்கே வெயில் கொளுத்துகிறது, அந்த ஊரில் மின்னல் மின்னும்போதெல்லாம் உங்கள் பேச்சில் ஒரு சொல் உடைந்தது. நீங்கள் ஒரு இடம், இடி ஒரு இடம், நான் ஒரு இடம். மூன்றையும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டேன்.

மழைமானிக்கு அடியில் ஆமை புகுந்த கதையைக் கண்டக்டரிடம் சொன்னீர்கள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அந்தக் கதையை எனக்கு எழுதவில்லையே.

இந்த மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம். வருஷம் முடிந்தால் மாற்றல் கேட்கலாம் என்று கிளம்பும் அன்று சொன்னீர்கள். கல்யாணமாகி நாம் சேர்ந்து இருந்த இருபத்தாறு நாளில் நீங்கள் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாப்பாட்டு மேஜைக்கு இன்னொரு நாற்காலி வாங்கினேன். பழையது கால் ஆடுகிறது. வேறு காரணமில்லை.

உங்கள் மனைவி

*

மே 10

அன்புள்ள மனைவிக்கு,

சுகமாக இருக்கிறேன். மார்க்குகளுக்கு நன்றி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டி வருகிறேன்.

மாற்றல் விண்ணப்பம் போன படகில் அனுப்பிவிட்டேன். பதில் வர நாளாகும் என்கிறார்கள்.

ஆமை மறுபடி வரவில்லை.

நாற்காலி வாங்கியது நல்லது. ஆடும் நாற்காலியில் உட்கார வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கணவன்

*

ஜூன் 2

மதிப்பிற்குரிய கண்டக்டர் அண்ணனுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. தீவு வானிலை நிலையத்திலிருந்து உங்களோடு பேசுகிறவரின் மனைவி நான். ஹாம் ஆட்களின் பட்டியலில் உங்கள் விலாசம் கிடைத்தது.

என் கணவர் தன் சிக்னலைப் பார்க்கச் சொல்லித்தான் ஆன்லைன் ரிசீவரை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை மட்டும் கேட்டால் போதும் என்றார். நான் மற்ற நாளும் கேட்க ஆரம்பித்தேன். லேபிலிருந்து நாலு மணிக்கு வருவேன், முகம் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். இதை அவரிடம் எழுதவில்லை. ஒட்டுக்கேட்கிறவள் என்று நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

போன புதன்கிழமை நீங்கள் இருவரும் பேசியது எனக்கு மனப்பாடம். எழுதுகிறேன், சரிதானா பாருங்கள்.

நீங்கள் கேட்டீர்கள்: “என்ன தம்பி, வருஷம் முடிஞ்சுதே, மாத்தல் எழுதிப் போட்டியா? ரைட்.”

“போடலண்ணே.”

“ஏன், மேல ஏதும் தகராறா?”

“இல்லண்ணே. ஃபாரம் பெட்டியிலயே இருக்கு. எடுத்து எடுத்துப் பாக்கறேன், திருப்பி வச்சிடறேன்.”

“வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்களேப்பா.”

அதற்கு அவர் சொன்னார்: “அவங்க முன்னாடி எனக்குப் பேச்சே வரலண்ணே. இங்க இந்த மைக்கப் புடிச்சா வருது. அங்க இருபத்தாறு நாளும் வரல. ஒரு நாள் சமையல்கட்டு வாசல்ல போய் நின்னேன், என்னமோ சொல்லணும்னுதான். அவங்க மிக்ஸியப் போட்டுட்டாங்க. என்னப் புடிக்கலன்னுதான் தோணுச்சு. அங்க போயி மறுபடி ஊமையா நிக்கிறதுக்கு இங்கயே இருந்துட்டா, அவங்களுக்காவது நிம்மதி.”

நீங்கள் அதற்கு ரைட் சொல்லவில்லை. அதையும் கவனித்தேன்.

எனக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு படகுக்குக் கடிதம் எழுதப்போவதில்லை. எழுதினால் திட்டத்தான் வரும். ஆனால் ஒன்று. உங்களிடம் பேசும்போதும் என்னை “அவங்க” என்றுதான் சொன்னார்.

அண்ணா, நான் லைசென்ஸ் வாங்க வேண்டும். என்ன படிக்க வேண்டும், எங்கே பரீட்சை எழுத வேண்டும் என்று சொல்வீர்களா? எனக்கு முப்பத்தைந்து வயது. மின்சாரம் பற்றித் தெரிந்தது, அரைக்கும் மோட்டாரின் சுவிட்ச் மட்டும்தான். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

*

ஜூன் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் வீட்டுக்காரியும் நல்லா இருக்கோம். எனக்குச் சுகர், அவளுக்கு என்னால பிரஷர். கடுதாசி எழுதி ரொம்ப வருஷமாச்சு, பேசுற மாதிரியேதான் எழுத வருது, கோவிச்சுக்காதே.

நீ எழுதினது அத்தனையும் சரி. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல நின்னவன் நான். ஏறுற ஆளப் பார்த்ததுமே எங்க எறங்குவான்னு சொல்லிடுவேன். உன் வீட்டுக்காரர் விஷயத்துல மட்டும் தப்புக் கணக்குப் போட்டுட்டேன். வாய் ஓயாத மனுஷன், வீட்ல எப்படியெல்லாம் சிரிக்க வைப்பாரோன்னு நினைச்சிருந்தேன். அன்னைக்கு அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ரைட் சொல்ல வாய் வரல, நிஜம்தான்.

பரீட்சை ஆகஸ்ட் முதல் வாரம். சட்ட திட்டம் ஒரு தாள், மின்சாரமும் ரேடியோவும் ஒரு தாள். பல்லு செய்யத் தெரிஞ்ச கைக்கு இது பெருசில்ல. ரெண்டு புஸ்தகம் இதோட அனுப்பறேன். அடியில கோடு போட்டதெல்லாம் கேப்பாங்க. கோடு போடாததையும் கேப்பாங்க. ஓரத்துல இருக்கிற எண்ணெய்க் கறை வீட்டுக்காரி கைவேலை.

லைசென்ஸ் வந்தா எழுது. என்கிட்ட பழைய செட் ஒண்ணு சும்மா கெடக்கு, பஸ்ல தூக்கிட்டு வர்றேன். அவர்கிட்ட மூச்சு விடமாட்டேன். எனக்கு அது கஷ்டம்தான், ஆனா விடமாட்டேன்.

உன் அண்ணன்,
கண்டக்டர்

*

ஜூலை 4

அன்புள்ள மனைவிக்கு,

இரண்டு படகு வந்து போய்விட்டது, உங்கள் கடிதம் இல்லை. முதல் படகில் தபால் தவறியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது படகில் மூட்டையை நானே பிரித்துப் பார்த்தேன்.

இருமல் அதிகமாகிவிட்டதா? டாக்டரிடம் போனீர்களா?

அல்லது சிக்னல் எட்டவில்லையா? போன வாரக் காற்றில் கம்பி ஒரு பக்கம் தொய்ந்திருந்தது, இழுத்துக் கட்டிவிட்டேன். சனிக்கிழமைகளில் நாலரைக்குப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மார்க் போட வேண்டாம். கேட்கிறது, கேட்கவில்லை, ஏதாவது ஒன்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கணவன்

*

ஜூலை 15

அன்புள்ள கணவருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

கேட்கிறது. மலைப் பள்ளிக்கூடத்திலும் டாக்டர் வீட்டிலும் ஒரு சொல்கூட விடாமல் கேட்கிறது.

உங்கள் மனைவி

*

செப்டம்பர் 9

அன்புள்ள மனைவிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் ஜூலை கடைசியில் வந்தது. ஒரு சொல்கூட விடாமல் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு மாலை செட் முன்னால் உட்கார்ந்தேன். மைக்கை எடுத்தேன், வைத்துவிட்டேன். சனிக்கிழமை மட்டும் பேசுகிறவன் இல்லை நான். மற்ற நாட்களில் என்னென்ன பேசினேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து செட்டை உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். நடுவில் வந்த படகுகளுக்கும் எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை.

விண்ணப்பம் அனுப்பியதாக எழுதியது பொய். அனுப்பவில்லை. நீங்கள் அதைக் கேட்டிருந்தால் காரணத்தையும் கேட்டிருப்பீர்கள், மறுபடி எழுத வேண்டியதில்லை. கேட்கவில்லை என்றால், அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று, அழுத்தம், மழை எடுத்து அலுவலக வயர்லெஸ்ஸில் அனுப்புகிறேன். அதில் பொய் எழுதியதில்லை. உங்களுக்குத்தான் எழுதினேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

இருமல் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் கணவன்

*

அக்டோபர் 3

அன்புள்ள கணவருக்கு,

இருமல் போய்விட்டது. முதலாளி புதிதாகத் தூசி இழுக்கும் மெஷின் வைத்திருக்கிறார். நீங்கள் எட்டு மாதமாகக் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் முட்டி, உங்கள் தூக்கம் இரண்டும் எப்படி என்று எழுதுங்கள். நீங்கள் தூங்குவதில்லை என்று நினைக்கிறேன்.

கேட்டேன். மே மாதம் கடைசி புதன்கிழமை, கண்டக்டர் அண்ணனோடு பேசியது முழுவதும் கேட்டேன். தினமும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன பொய் ஒன்று, நான் சொல்லாமல் மறைத்தது ஒன்று. சரிக்குச் சரி.

ஜூலை கடைசியிலிருந்து ஏழாயிரத்து எண்பதில் உங்கள் இடம் காலி. தினமும் நாலரைக்கு எல்லா ஊருக்கும் போய்ப் பார்த்தேன். துறைமுகம், டாக்டர் வீடு, மலைப் பள்ளிக்கூடம். எங்கேயோ தூரத்து ஊர் ரிசீவர்களைக்கூட விடவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கோபத்தில் எழுதிய இரண்டு வரி உங்கள் வாயை அடைத்துவிட்டது என்று அப்போது தெரியாது. கம்பி அறுந்திருக்கும், கடல் பொங்கியிருக்கும், காய்ச்சலாக இருக்கும் என்று என்னென்னமோ நினைத்தேன். உங்கள் அலுவலகத்துக்குப் போய், தீவிலிருந்து வானிலை ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார்கள். அப்படியானால் உயிரோடு இருக்கிறீர்கள் என்று திரும்பி வந்தேன்.

இனி மிக்ஸி விஷயம். அன்று ஜாரில் ஒன்றுமே இல்லை. காலி ஜாரைத்தான் ஓட்டினேன். நீங்கள் வாசலில் வந்து நின்ற முகத்தைப் பார்த்து, என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. நீங்கள் ஊமையாக நின்றதாகச் சொன்னீர்கள். நான் மட்டும் பேசினேனா? குழம்பை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்டில் பரீட்சை எழுதினேன். பாஸ். போன வாரம் லைசென்ஸ் வந்தது. எனக்கென்று ஒரு அழைப்புக்குறி இருக்கிறது, காற்றில் என் பெயர் இனி அதுதான்.

கண்டக்டர் அண்ணனும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடியில் கம்பி கட்டினோம். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, “துணி காயப்போட நல்ல எடம்மா” என்று இரண்டு போர்வையைப் போட்டுவிட்டார். எடுக்கச் சொல்வதற்குள் அண்ணனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் கம்ப்யூட்டரில் மலைப் பள்ளிக்கூடத்து ரிசீவரைத் திறந்து வைத்தார். “முதல்ல உன் குரல் அங்க போய்ச் சேருதான்னு நீயே கேட்டுப் பாரும்மா. அப்புறம் ஊரைக் கூப்பிடலாம்” என்றார். மைக்கை அழுத்தினேன். சொல்ல வேண்டியது என் அழைப்புக்குறி மட்டும். வரவில்லை. அண்ணன் பார்க்கிறார், அண்ணி பார்க்கிறார், திரையில் அருவி சும்மா வழிகிறது. “பேசும்மா, பஸ் கெளம்பிடும்” என்கிறார். கையை எடுத்துவிட்டேன். எங்கோ தூரத்தில் யாரோ கேட்பார்களே என்ற பயம் இல்லை. நான் சொல்வதைக் கம்ப்யூட்டர் எனக்கே திருப்பிச் சொல்லுமே என்றுதான் பயம். வாய் நிறையச் சொல் இருந்தும் நாக்கு எழவில்லை. உங்கள் இருபத்தாறு நாள் எனக்கு அன்றுதான் புரிந்தது.

மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன். இரண்டு நொடி கழித்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது. லேசாக அதட்டுகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் கெட்ட குரல் இல்லை. மஞ்சள் பட்டை நன்றாக விழுந்தது. ஐந்து-எட்டு கொடுத்துக்கொண்டேன். அண்ணன் ஐந்து-ஏழு என்கிறார்.

அக்டோபர் பதினெட்டு சனிக்கிழமை, நாலரை மணி. உறையை எடுத்துவிட்டு செட்டைத் திறந்து வையுங்கள். நான் கூப்பிடுவேன். நீங்கள் பேச வேண்டும் என்று இல்லை. கேட்டால் போதும்.

உங்கள் மனைவி

*

அக்டோபர் 24

அன்புள்ள உனக்கு,

முட்டி வலி இருக்கிறது. தூக்கம், நீ சொன்னது சரி, இல்லை. இப்போது வருகிறது. உன் இருமல் நின்றதைச் சனிக்கிழமை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட இருமவில்லை.

அன்று என் அறையில் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கே உறையை எடுத்துவிட்டேன். செட் சூடாக இருக்கட்டும் என்று சமையல்காரரிடம் சொன்னேன். அதற்குச் சூடு தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். தாடி எடுத்தேன். எதற்கு என்று கேட்காதே. நாலரைக்குச் சரியாக உன் அழைப்புக்குறி வந்தது, ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சையில் ஒப்பிப்பது போல். அந்தக் குரல் எனக்குத் தெரியும் என்றே தோன்றவில்லை. உன் குரலை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்? “சாப்பிடறீங்களா”, “கதவு சாத்தட்டுமா”, அவ்வளவுதான். விதிப்படி பதில் சொன்னேன், விதிப்படி மார்க் கொடுத்தேன், உன் முறைக்கு விட்டேன்.

பதினான்கு நொடி ஒன்றும் வரவில்லை. எண்ணினேன், எண்ணுவது என் தொழில். நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன். எழுந்து நிற்கப் போனேன். அப்போது,

“என்னங்க” என்று வந்தது.

அந்தச் சொல்லை நீ என்னிடம் சொன்னது அதுதான் முதல் முறை. என்ன பதில் சொல்வதென்று நான் யோசிக்கவே இல்லை. “சொல்லு” என்றேன். சொன்ன பிறகுதான் “சொல்லுங்க” என்று சொல்லவில்லை என்பது தெரிந்தது. வேர்த்துவிட்டது. கண்டக்டர் அண்ணன் அதே அலைவரிசையில்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். “ரைட், நான் இங்கயே எறங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனதை நீயும் கேட்டிருப்பாய்.

நாம் பேசியதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. போர்வை, மலைப் பள்ளிக்கூடம், பல் செட் ரொம்ப அழகாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்த கிழவர். நாம் பேசுவதை எத்தனை பேர் கேட்டார்களோ தெரியாது. கேட்கட்டும். சமையல்காரர் இரண்டு முறை வந்து மணியைக் காட்டினார். வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக ஐந்தரை மணி அளவை ஏழு நிமிடம் தாமதமாக எடுத்தேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் “சொந்த வேலை” என்று போட்டேன்.

இதோடு மாற்றல் ஃபாரம் வைத்திருக்கிறேன். எல்லாம் நிரப்பி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. தலைமை அலுவலகம் உன் லேபிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. என்றைக்கு உனக்குச் சரி என்று தோன்றுகிறதோ அன்றைய தேதியைப் போட்டு நீயே கொடு. நான் அங்கே வந்து நின்றால் முதல் நாள் மறுபடி ஊமையாகத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். அதையும் யோசித்துக்கொள். கொடுத்தாலும் வேறு ஆள் வந்து பொறுப்பேற்க நாலைந்து மாதம் ஆகும்.

இனி கடல் மோசமாகிவிடும். இதுதான் கடைசிப் படகு, அடுத்தது ஜனவரியில்தான். படகுக்காரர் கீழே நின்று குரல் கொடுக்கிறார். எழுத இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை. அதனால் மீதியை எழுதவில்லை.

உன் கணவன்